எந்த வேலைக்கு எந்த இருமல்

நுரையீரலைப் படம் பிடிக்கும் அரசாங்க வண்டி போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் ஆகிறது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளம் மருந்தாளர் சிவலிங்கம், “நீங்க சும்மா வந்து பக்கத்துல இருந்தா போதும் ஐயா, உங்க மொகத்தப் பாத்தா சனங்க பயப்படாம வண்டில ஏறுவாங்க” என்று அழைத்தார். போய் உட்கார்ந்தேன். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, செய்யும் வேலை மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் சற்றுக் குறைந்ததும் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, எந்த வேல செய்றவங்களுக்கு இந்த நெஞ்சு வியாதி கூடுதலா வருது? உங்க அனுபவத்துல சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்விக்கு என் காலத்தில் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை நம்பி ஒரு பெண்ணும் அவள் இரண்டு பிள்ளைகளும் நடுத்தெருவுக்கு வர இருந்தார்கள். சிவலிங்கத்திடம் வாயால் சொன்னதை, “எழுதிக் குடுங்க ஐயா, எங்க சங்க மலர்ல போடலாம்” என்று அவர் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்கரப்பத்தனையில் ஒரு கணக்கப்பிள்ளைக்குப் பிறந்து, ஹட்டனில் படித்து, கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே மருந்து கலக்கவும், புண்ணைக் கட்டவும், பெரிய டாக்டர் உள்ளே வரும்போது எழுந்து நிற்கவும் கற்றுக் கொடுத்தார்கள். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் பிற்காலத்தில் எனக்கு அதிகம் உதவியது. இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷம், நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் சனங்களின் குடியுரிமை போய்விட்டது. அதை விளக்கச் சொல்லி டிஸ்பென்சரிக்கு வந்தவர்களும் உண்டு, அதற்கும் என்னிடம் ஏதாவது மருந்து இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். என்னை எல்லோரும் ‘டாக்டரய்யா’ என்று கூப்பிட்டார்கள். டாக்டருக்குரிய சம்பளத்தைத் தவிர மற்ற மரியாதை எல்லாம் எனக்குக் கிடைத்தது.

எனக்கு மேலதிகாரி நல்லதம்பி ஐயா. யாழ்ப்பாணத்தார். எங்கள் தோட்டத்தையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டர் அவர். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய கறுப்புக் காரில் வருவார். காரை விட்டு இறங்கியதும் யார் என்ன கத்தினாலும் நேரே போய்க் கை கழுவுவார். சவர்க்காரத்தை விரல் இடுக்கெல்லாம் ஏற்றி, நகக்கண்ணைத் தேய்த்து, பிறகு ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கைக்குட்டையில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் எண்ணெய் விட்டு மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டுதான் நோயாளியைப் பார்ப்பார். அவருடைய முதல் கேள்வி, “என்ன செய்யுது?” என்பதாக இருக்காது. “என்ன வேலை?” என்பதாகத்தான் இருக்கும்.

வந்த புதிதில் நான் அதைக் கேட்டபோது, “இஞ்சை பாரும் தம்பி, ஆளின்ரை வேலையைக் கேட்டால் வருத்தம் தானாய் வெளியிலை வரும்” என்றார்.

வரத்தான் செய்தது. கொழுந்து பறிக்கிறவள் இருமினால் பனி இருமல். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் இருமினால் தூசி இருமல். பங்களாவில் சமைக்கும் அப்பு இருமினால் புகை இருமல். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இருமினால் சுண்ணக்கட்டித் தூள். கோயில் பூசாரி ஒருநாள் வந்து இருமியபோது, நல்லதம்பி ஐயா ஒரு கணமும் யோசிக்காமல் “கற்பூரம்” என்றார். பெரிய கிளாக்கர் வருஷத்தில் பாதி நாள் இருமினார். அவருக்கு மட்டும் ஈழை, அதாவது ஆஸ்துமா. உத்தியோகத்தருக்கு வருகிற நோய்க்குக் கொஞ்சம் கௌரவமான பெயர் வேண்டுமல்லவா? தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை இருமினால் அது பைப் புகையிலை. இத்தனை வகை இருமலுக்கும் நான் கொடுத்தது ஒரே போத்தல் மருந்துதான். அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் துரையைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. சுத்தத்தின் மேல் பெரும் பித்துப் பிடித்தவர், அவ்வளவுதான். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். அங்கே அவர் கட்டளைப்படி தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம், காற்று கீழே இறங்குகிற திசையில் நிற்க வேண்டும். துரை படியின் மேல், காற்று வருகிற திசையில் நிற்பார். நான் நடுவில். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் நாக்கைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, “வேலை”, “ஓய்வு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பனியில் அத்தனை பேரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்று இருமுவார்கள். ஒருவருக்கு இருந்தது எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “ஆனால் இந்தப் பக்கம் வராதல்லவா?” என்று கேட்டார் துரை.

அவருடைய சுத்தம் ஓரிடத்தில் மட்டும் விடுமுறை எடுத்துக்கொண்டது. அது தேத்தண்ணீர் ருசி பார்க்கும் அறை. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரின் ஒரு மூலையில் அந்தச் சிறிய அறை. முதல்நாள் தயாரான தேயிலையை வரிசையாகக் கிண்ணங்களில் ஊற வைத்திருப்பார்கள். துரையும், நாங்கள் மரியாதையாக ‘மாத்தியா’ என்று கூப்பிடும் டீமேக்கர் பெரேராவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கரண்டியில் எடுத்து, ‘சர்ர்ர்’ என்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, நடுவில் இருக்கும் பித்தளைப் படிக்கத்தில் துப்புவார்கள். அந்தப் படிக்கம் இடுப்பளவு உயரம். பனி புகுந்தால் தேயிலையின் மணம் கெட்டுவிடும் என்று கண்ணாடி ஜன்னல்கள் எப்போதும் அடைத்தே இருக்கும். வருஷக்கணக்கில் தினமும் காலையில் இந்தச் சடங்கு நடந்தது. அந்தப் படிக்கத்தைக் கழுவிச் சுத்தம் செய்தவள்தான் காளியம்மா. இது அவளுடைய நிஜப் பெயரல்ல. “எழுதுங்க, பேர மட்டும் மாத்திப்புடுங்க” என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

காளியம்மாவுக்குச் சல்லடை அறையில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற இடம் அது. அங்கே எந்நேரமும் தேயிலைத் தூசியும் பஞ்சு போன்ற இழையும் பறந்துகொண்டே இருக்கும். பெண்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். புருஷன் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் தனியாக இருந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, இருந்தது. ஸ்டோரில் பெயர் இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா. பெயர் வெட்டுப்பட்டால், வேலை முடிந்தது என்கிற பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். எங்கே போவது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வந்த துரை, சல்லடை அறை வாசலில் நின்று, “யாரு இருமுது?” என்றார். அந்த அறையில் இருமாதவர் யார்? ஆனாலும் அன்றைக்கு வாசலுக்குக் கிட்டே நின்று இருமியவள் காளியம்மா. தேயிலையில் காசநோய்க் கிருமி விழுந்து அது சீமைக்குப் போய்விடும் என்று துரைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உடனே அவளுடைய சளியைச் சோதிக்க வேண்டும், நோய் இருந்தால் பெயரை வெட்ட வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது.

சளி எடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதை நான் எப்போதும் ஒழுங்காகவே செய்தேன். வாய் அகன்ற சின்னக் குப்பியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, தக்கை போட்டுக் கொடுப்பேன். காலையில் எழுந்ததும் எதையும் தின்னாமல் வாயை மூன்று தடவை கொப்பளிக்க வேண்டும். பிறகு மூச்சை ஆழமாக இழுத்து, வயிற்றிலிருந்து இரும வேண்டும். வாயில் ஊறும் எச்சில் உதவாது. நெஞ்சிலிருந்து கட்டியாக வர வேண்டும். வந்ததைக் குப்பியில் விட்டு, தக்கையை அடைத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து என்னிடம் கொடுத்தால், நான் மரத்தூள் நிரப்பிய தகரப் பெட்டியில் வைத்து ஹட்டன் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். கண்டக்டர்மார் அந்தப் பெட்டியை ஆள் இல்லாத சீட்டின் கீழே காலால் தள்ளிவிட்டு, பிறகு காலை நெடுநேரம் படியில் தேய்ப்பார்கள்.

காளியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். குப்பியை வாங்கிக்கொண்டு, “கட்டியா வரணுங்களா டாக்டரய்யா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை கொண்டுவந்து கொடுத்தாள். உண்மையிலேயே கட்டியாகத்தான் இருந்தது. நான் மெச்சிக்கொண்டேன்.

முடிவு நல்லதம்பி ஐயாவிடம் வந்தது. வழக்கமாக வரும் நாளில் வந்தார். கை கழுவினார். கடைசி விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“உம்முடைய சல்லடைப் பெட்டைக்குக் காசம்தான் காணும். கிருமி நிறையக் கிடக்காம். துரையிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். மாதக் கடைசிக்கை ஆளை அனுப்பச் சொல்லியிட்டார்.”

“ஆஸ்பத்திரியில கட்டில் கெடைக்குமா ஐயா?”

“பெயரைப் பதிஞ்சு விடுவம். இடம் வரேக்கை வரும்.”

“அதுவரைக்கும் எங்க இருப்பா?”

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “தம்பி, நீர் கேக்கிற கேள்விக்கு என்னட்டை மருந்தில்லை” என்றார்.

எனக்கு மனது ஒப்பவில்லை. இரண்டு முறை அவளுடைய நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டிருக்கிறேன். உடம்பு மெலியவில்லை, மாலைக் காய்ச்சல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருந்தால் இருமலும் பாதியாகக் குறைந்துவிடும். தூசி என்றால் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் குப்பி பொய் சொல்லாதே. அன்று மாலை அவள் காம்பராவுக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டும் அடுப்புக்குக் கிட்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தன. வெளியே கூப்பிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“அது எப்புடிங்க? அதுல வியாதி இருக்க முடியாதுங்களே.”

“ஒனக்கு வியாதி இல்லேன்னு நீயே எப்படிச் சொல்ற?”

“எனக்கு இருக்கலாமுங்க. அது எனக்குத் தெரியாது. ஆனா அது எஞ் சளி இல்லீங்களே.”

காளியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பயந்துவிட்டாளாம். தன்னுடையதைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வது? நோய் நொடி இல்லாத ஒருவருடையதைக் கொடுத்துவிடலாம் என்று யோசித்திருக்கிறாள். லயத்தில் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒருவருக்கு இளைப்பு, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் எலும்பும் தோலுமாய் இருந்தார். யாரையும் நம்ப முடியவில்லை.

“அப்புறந்தான் நெனச்சேன். நான் தெனமும் கழுவுற படிக்கம் இருக்குதே. பாலு, முட்ட, எறச்சின்னு சாப்புடுறவரு தொரை. அவரு எச்சிய விட நல்ல எச்சி இந்தத் தோட்டத்துல வேற எங்கங்க கெடைக்கும்? தேத்தண்ணி கலக்காம ஓரத்துல கட்டியா ஒட்டிக்கெடந்தத குச்சியால எடுத்து வச்சேன். சுத்தமான குச்சிங்க.”

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் செய்தேன்.

“தொரையோடதுதானா? பெரேரா மாத்தியாவும் அதுலதானே துப்புறாரு.”

“ரெண்டு பேருந்தாங்க துப்புவாங்க. சளில பேரா எழுதியிருக்கு?”

மறுநாள் பஸ் பிடித்து நல்லதம்பி ஐயாவிடம் போனேன். அவருடைய அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய், யாரையும் தொடாமலே, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. போன வாரம்தான் துரையோடு ஒரே மேசையில் தேத்தண்ணீர் குடித்தவர் அவர்.

“உமக்கென்ன விசரே? துரையின்ரை துப்பலைக் களவெடுத்துச் சோதிச்சனாங்கள் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது? அவளையும் துரத்துவார், உம்மையும் துரத்துவார், என்னை இந்தக் காரோடை சேர்த்து ஆத்துக்குள்ளை தள்ளிவிடுவார்.”

“சொல்லாம விட்டா அவ வீதிக்குப் போவா ஐயா. பிள்ளைங்களும் போகும். இந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அடச்ச அறைக்குள்ள தெனமும் கிருமிய ஊதிக்கிட்டிருப்பாரு.”

“அது தெரியுது.”

“வேலயக் கேட்டா வருத்தம் தானா வெளிய வரும்னு சொல்லுவீங்களே ஐயா. இது எந்த வேலையோட வருத்தம்?”

கோபத்தில்தான் கேட்டேன். இப்போதும் அதற்காக வருந்தவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “துரைக்குத் தன்ரை ஆம்பிளைத்தனத்தைக் காட்டுறதெண்டால் வலு விருப்பம், என்ன?” என்று கேட்டார். பிறகு தொப்பியை எடுத்தார்.

துரையின் ஆபீசில் அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மனிதர் பொய்யே சொல்லவில்லை. ஸ்டோரில் ஒரு குப்பியில் கிருமி இருந்திருக்கிறது, ஆகவே ஸ்டோருக்குள் போகிற எல்லோரையும் சோதிக்க வேண்டும், அந்தப் பெண்ணுடையதையும் மருந்தாளர் கண் முன்னால் இன்னொரு முறை எடுக்க வேண்டும், அதுவரை எந்தப் பெயரையும் வெட்ட வேண்டாம் என்றார். ஆனால் ஆட்கள் பயந்து குப்பியைத் தொட மறுப்பார்கள், பெரியவர் யாராவது முதலில் செய்து காட்டினால் தைரியம் வரும் என்று சொல்லிவிட்டுத் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். ஒருமுறை இருமினார். “நானே செய்கிறேன்” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஸ்டோர் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். பெரேரா ஓரமாக நின்று, “எனக்கு ஒண்ணும் இருக்காதுதானே டாக்டர்?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார். துரை படியின் மேல் ஏறினார். கொதிக்க வைத்த குப்பியைக் கையில் உயர்த்திப் பிடித்தார்.

“இங்கே பாரு! பயம் வாண்டாம். இது சின்ன வேலை. மொதல்ல நான் துப்பறான், அப்பறம் நீ எல்லாம் துப்பு. வெளங்குது?”

“வெளங்குதுங்க தொரை!” என்று ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி கத்தினார்.

துரை முறைப்படி வாயை மூன்று தடவை கொப்பளித்தார். மூச்சை இழுத்தார். இருமினார். அது சீக்கிரத்தில் நிற்கவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமினார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒருவழியாகக் குப்பியில் துப்பி, வெற்றிகரமாக அதை என்னிடம் நீட்டியபோது கங்காணி கைதட்டினார். பார்த்துவிட்டு எல்லோரும் தட்டினார்கள். பனி துரையின் பக்கமிருந்து கீழ்ப்பக்கமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நான் முதன்முறையாகக் கவனித்தேன். காளியம்மா வரிசையில் நின்று என் கண் முன்னால் தன்னுடையதைத் தன் நெஞ்சிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். நான் தக்கையை அடைத்து, குப்பியில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன்.

நல்லதம்பி ஐயா வருகிற நாள் அல்லாத ஒரு நாள் அவருடைய கார் ஹாரன் அடிக்காமல் டிஸ்பென்சரிக்கு முன் வந்து நின்றது. இறங்கியவர் கை கழுவப் போகவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“ஸ்டோரிலை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உம்முடைய பெட்டைக்கும் இல்லை, வெறும் தூசிதான். பெரேராவுக்கும் இல்லை.” தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பைப் புகையிலைக்குத்தான் கிருமி நிறையக் கிடக்கு.”

அவர் பங்களாவுக்குப் போய்த் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. வந்து உட்கார்ந்து, என்னிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டார். துரை முதலில் குப்பி மாறிவிட்டது என்றாராம். பிறகு, எந்தக் கூலியிடமிருந்து தனக்கு இது வந்தது என்று கேட்டாராம். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாராம். “பாவம் காணும், அவரும் மனுசன்தானே” என்றார் நல்லதம்பி ஐயா. எனக்கும் அந்த நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஊரைவிட்டு வந்து, சுண்ணாம்புக் கோடு கிழித்து, காற்றின் திசை பார்த்து நின்ற மனிதரை அது எப்படியோ தேடிப் பிடித்துவிட்டது.

“வெளியில என்னன்னு சொல்றது ஐயா?”

“சீதோஷ்ணம். இந்த மலைக் குளிர் அவருக்கு ஒத்துவரேல்லை. சீமைக்குப் போறார்.”

அப்படியாக எங்கள் வைத்தியத்தில் இன்னொரு இருமலுக்குப் பெயர் கிடைத்தது. துரைக்குப் பெரிய பிரியாவிடை நடந்தது. தப்பு அடித்தார்கள், மாலை போட்டார்கள், பெரிய கிளாக்கர் தம் ஈழைக்கு நடுவே வாழ்த்துரை வாசித்தார். கொழும்பிலிருந்து கப்பல். அதில் தனி அறை, கூடவே ஒரு நர்ஸ், போய் இறங்கியதும் மலையடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. சம்பளமும் நிற்கவில்லை என்று கேள்வி. வழியனுப்ப நின்ற வரிசையில் காளியம்மாவும் பூவோடு நின்றாள். கார் தாண்டியதும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் இரண்டு பேருமே மாட்டியிருப்போம்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் பங்களா அப்புவை விட்டுவிட முடியாது. துரைக்கு மூன்று வேளையும் சமைத்து, படுக்கையைத் தட்டி, கைக்குட்டைகளைத் துவைத்தவர் அவர். நெடுங்காலமாக இருமிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் புகை இருமல் என்று பெயர் வைத்து, போத்தல் மருந்தைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். துரை போன பிறகு அவரைச் சோதித்தபோது இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. அவருக்குக் கப்பல் இல்லை. கொழும்புப் பக்கம் கட்டிலுக்குப் பெயர் பதிந்துவிட்டு, பங்களாவுக்குப் பின்னால் கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் காத்திருந்தார். இடம் கிடைத்துப் போய், பிழைத்தும் வந்தார். வந்தவரைப் புதுத் துரை பங்களாவுக்குள் சேர்க்கவில்லை, கிருமி பட்ட ஆள் என்று. நோர்வூட் கடைத்தெருவில் வெற்றிலை விற்றார். அவரைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. புகை என்று ஒரு வார்த்தை சொல்வது எங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

புதுத் துரை ருசி பார்க்கும் அறையின் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். மணம் ஒன்றும் கெடவில்லை. படிக்கம் கழுவியவள் என்பதால் காளியம்மாவை ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்கு அனுப்பினார். அது பாதுகாப்பு நடவடிக்கை என்றார்கள். கொழுந்து பறிக்கப் போன சில மாதத்தில் அவளுடைய இருமல் நின்றுவிட்டது. பனியிலும் மழையிலும் நின்று வேலை செய்கிறவளுக்கு இருமல் இல்லாமல் போனதை எந்தப் பெயரில் சேர்ப்பது என்று நல்லதம்பி ஐயா கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது இல்லை.

சிவலிங்கத்தின் கேள்விக்கு வருகிறேன். எந்த வேலைக்காரருக்கு வருகிறது என்று எனக்குத் தெரியாது தம்பி. அடைத்த ஜன்னலுக்கு உள்ளே, இருமுகிற ஒருவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்கு வருகிறது. அங்கே நிற்க வைக்கிறது எது என்று கேட்டால், அதற்குத்தான் வேலை என்று பெயர்.

படம் பிடித்ததன் முடிவு சென்ற வாரம் வந்தது. நானும் டிஸ்பென்சரியில் இருந்தேன். காளியம்மா தன் படத்தை உறையோடு வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். தலை நரைத்துவிட்டது, பெண் பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி அதே லயத்தில் இருக்கிறார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல காளியம்மா, நெஞ்சு ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு” என்றேன்.

“நெசமாவாங்க? நல்லாப் பாத்தீங்களா?”

“நெசமாத்தான். இந்தத் தடவ ஒன்னோடதுதானே?”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உறையைத் தடவிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாகத் தோட்டம் முழுவதும் ஒரே பேச்சுதான். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் மறுபடி உட்கார்ந்து பேசி, மிச்சம் இருந்த எங்கள் சனங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவில் என்று பிரித்துக்கொண்டுவிட்டார்கள். அவளுடைய குடும்பம் அந்தப் பக்கம் விழும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் பிறந்தது இந்தத் தோட்டத்தில். அந்தப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை.

“டாக்டரய்யா, அந்தத் தொரையக் கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. சரி, அவருக்கு வியாதி. இப்ப எங்களயும் கப்பல்ல ஏத்தி அனுப்பப் போறாங்களாமே.” படத்தை மறுபடி என்னிடம் நீட்டினாள். “எங்களுக்கு என்ன வியாதின்னு இதுல போட்டுருக்கான்னு இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க.”

வாங்கி, இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நெஞ்சு இரண்டு பக்கமும் சுத்தமாகத்தான் இருந்தது.